யமுனை: மலையில் ஒரு நதி, தில்லியில் ஒரு நதி

ஐ.டி.ஓ. பாலத்தைக் கடக்கையில் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அதே யமுனைதான் அகநானூற்றில் ‘தொழுநை’ என்ற பெயரில் வருகிறது. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இந்நதிக்கு மூன்று விடைகள்: பிறப்பு யமுனோத்ரி, முடிவு பிரயாகை, நீளம் 1,376 கிலோமீட்டர். இடையில் நடப்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

பந்தர்பூஞ்ச் சிகரங்களின் தென்மேற்குச் சரிவில், சுமார் 6,387 மீட்டர் உயரத்திலுள்ள பனியாற்றில் யமுனை தொடங்குகிறது. கோயிலருகே நான் கால் நனைத்தபோது எலும்புவரை சில்லிட்டது. சில அடி தள்னி சூரிய குண்டத்தில் கொதிக்கும் வெந்நீர்! துணியில் முடிந்த அரிசியும் உருளைக்கிழங்கும் அதில் வெந்து பிரசாதமாகின்றன.

அசோகர் கல்வெட்டுள்ள கால்சி அருகே டோன்ஸ் நதி வந்து சேர்கிறது. யமுனையைவிட அதில்தான் நீர் அதிகம். நீரளவைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால் நாமெல்லாம் டோன்ஸ் கரைவாசிகள்!

பிறந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 172 கிலோமீட்டரில் ஹத்னிகுண்ட் தடுப்பணை. மலைநதியின் கதை இங்கே முடிகிறது என்பேன். மேற்கு, கிழக்கு யமுனைக் கால்வாய்கள் இரண்டும் இங்கே பிரிகின்றன. கோடையில் பெரும்பங்கு நீர் அவற்றில் போய்விட, ஆற்றில் மிஞ்சுவது சொற்பம். தில்லிக்கான குடிநீரும் பெரும்பாலும் கால்வாய் வழியாகவே வருகிறது. வஜீராபாத்தைத் தாண்டியதும் நஜஃப்கர் சாக்கடை கலக்கிறது. அதற்குக் கீழே நாம் காண்பது பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவுநீரே. யமுனைக் கரையிலேயே வசிக்கும் கிழக்குத் தில்லிக்காரர்கள் பலர் குடிப்பதோ கால்வாயில் வரும் கங்கை நீரை!

மழைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். ஹத்னிகுண்ட் நீரைத் தேக்கும் அணையன்று, திருப்பிவிடும் தடுப்பணை. வெள்ளத்தில் வண்டல் புகாதிருக்கக் கால்வாய் மதகுகளை மூடுவதால், வந்த நீரெல்லாம் ஆற்றில்தான் இறங்கும். 2019 ஆகஸ்டில் வினாடிக்கு 8 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தும் தில்லி தப்பியது. 2023 ஜூலையில் உச்சம் சுமார் 3.6 லட்சம்தான், ஆனால் ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-இன் 207.49 மீட்டரை முறியடித்தது. ஐ.டி.ஓ. தடுப்பணையில் சில மதகுகள் திறக்க முடியாமல் சிக்கியிருந்தன. மண்மேடும், சுருங்கிய வெள்ளச் சமவெளியும் சேர்ந்துகொண்டன.

அபாயக் குறி 205.33 மீட்டர். ஹத்னிகுண்டில் திறந்த வெள்ளம் தில்லி வர இரண்டு மூன்று நாளாகும். கரையோரம் குடியிருப்போர் சாமான்களை மேலே ஏற்ற இந்த அவகாசம் போதும்.