மோட்டார் கொட்டகைக்குக் கதவும் பூட்டும்



வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். பயிரைப் பூச்சியிடமிருந்தும் நோயிடமிருந்தும் காக்க முன்கூட்டியே மருந்து தெளிக்கிறோம். ஆனால் அந்தப் பயிருக்குத் தண்ணீர் கொடுக்கும் மோட்டாரையும் கேபிளையும் காப்பதில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. தாம்பரத்திற்குத் தெற்கேயும் மேற்கேயும் இன்னும் நெல்லும் கீரையும் காய்கறியும் பயிரிட்டு வரும் சிறு விவசாயிகள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

இப்பகுதியின் நிலை

மணிமங்கலம், படப்பை, மாம்பாக்கம் போன்ற ஊர்களின் சுற்றுப்புறத்தில் வயல்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. முன்பு பத்துப் பேர் இரவில் தண்ணீர் பாய்ச்சிய இடத்தில் இன்று ஒருவர் மட்டுமே பயிர் செய்கிறார். புதிய முகம் வந்தால் "யார் நீ?" என்று கேட்க ஆள் இல்லை. மனை பார்க்க வருபவர், கட்டட வேலைக்கு வருபவர் என அந்நியர் நடமாட்டம் இயல்பாகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் நமது விளைபொருளை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுசெல்ல உதவுகின்றன. திருட்டுப் பொருளும் அதே சாலையில்தான் விரைவாகப் போய்விடுகிறது.

இழப்பு எவ்வளவு?

திருடன் குறி வைப்பது செம்பை. கேபிளை அறுத்து, மேலுறையை எரித்து, செம்புக் கம்பியை எடை போட்டு விற்கிறான். அவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய்தான். உங்களுக்கோ புதிய கேபிள், மோட்டார் பொருத்தும் கூலி, அதற்குப் பிடிக்கும் நாட்கள் என்று செலவு நீள்கிறது. நவரைப் பட்ட நெல் பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியே நிற்கிறது. கதிர் வெளிவரும் தருணத்தில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் மணிகள் பதராகும். அந்த இழப்பை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்கி ஈடு செய்ய முடியாது.

கேபிளும் மோட்டாரும்

1. ஸ்டார்ட்டரிலிருந்து கிணறு வரை செல்லும் கேபிளைத் தரைமேல் விட வேண்டாம். இரண்டரை அடி ஆழத்தில் குழாய்க்குள் செலுத்திப் புதைக்கவும். கீழும் மேலும் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் வரிசை வைத்து மண் மூடவும். ஏர்க்காலும் படாது, இழுத்தாலும் எளிதில் வராது. இணைப்புகளை மண்ணுக்குள் வைக்கக் கூடாது. மெயினை அணைத்த பிறகே இவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

2. செம்புக்குப் பதில் அலுமினியக் கேபிள் போட்டால் திருடனுக்கு ஆசை குறையும். ஆனால் அதே அளவுக் கம்பி போதாது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பைவிடக் குறைவு. ஆகவே கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு இருக்க வேண்டும். அளவு குறைந்தால் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் காயில் கருகிவிடும்.

3. மேலே நிற்கும் மோட்டாருக்கு இரும்புக் கூண்டு செய்து, தளத்துடன் பதித்துப் பூட்டவும். மோட்டாரைச் சுற்றி அரை அடியாவது காற்றோட்டம் விட வேண்டும். இல்லையேல் சூடேறிப் பழுதாகும்.

4. ஆழ்துளைக் கிணற்றின் மேல் மூடியையும் கிளாம்ப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டுங்கள். குழந்தைகள் தவறி விழும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

5. மோட்டார் உடலில் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் ஊரையும் நம்பர் பஞ்ச் கொண்டு அடித்து வையுங்கள். பெயின்டை அழித்துவிடலாம், உலோகத்தில் பதிந்த எழுத்தை அழிப்பது கடினம். காயலான் கடையில் பொருள் பிடிபட்டால் அது உங்களுடையது என்று காட்ட இதுவே சாட்சி.

6. கைப்பேசியில் இயக்கும் ஸ்டார்ட்டர் வைத்திருப்போருக்கு, மின்சாரம் நின்றவுடன் செய்தி வருமாறு அமைக்கலாம். செய்தி வந்ததும் பக்கத்து வயல்காரருக்குப் போன் செய்து கேளுங்கள். அவருக்கு மின்சாரம் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் உஷாராகிவிடுங்கள்.

பூட்டிய கொட்டகையின் பயன்

"நாலு ஓட்டைச் சரித்து மூடியிருக்கிறேன், அதற்கு எதற்குக் கதவு?" என்று சிலர் கேட்கலாம். கதவும் பூட்டும் திருடனைத் தாமதப்படுத்துகின்றன என்பது ஒரு பயன். இன்னும் இரண்டு பயன்கள் உண்டு.

முதலாவது காப்பீடு. பம்புசெட் காப்பீட்டில் திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது, பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ உள்ளே நுழைந்த அடையாளம் பொதுவாகக் கேட்கப்படும். திறந்தவெளியில் கிடந்த மோட்டாருக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். பிரீமியம் கட்டுமுன் பாலிசியில் திருட்டு பற்றிய வரியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சூரிய சக்திப் பம்பு வைத்திருப்போர் தகடுகளுக்குக் காப்பீடு உண்டா, எத்தனை ஆண்டுக்கு என்பதைப் பொருத்தியவரிடம் எழுத்தில் பெற வேண்டும். கறவை மாட்டுக் காப்பீட்டில் திருட்டுக்குப் பொதுவாக இழப்பீடு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது சட்டம். 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 303ஆம் பிரிவின்படி சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திற்குள் திருடினால் 305ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. நான்கு சுவரும் கதவும் உள்ள கொட்டகை வழக்கையும் வலுவாக்குகிறது.

பில்லின் மதிப்பு

திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், புதிய சட்டத்தில் அது போலீசார் நேரடியாக விசாரணை தொடங்க இயலாத குற்ற வகையில் சேர்கிறது. முதல்முறை குற்றவாளி பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. எனவே "கொஞ்சம் கேபிள் போயிற்று" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். எத்தனை மீட்டர், எந்த அளவு, என்ன விலைக்கு வாங்கியது என்று உள்ளதை உள்ளபடி எழுதி, பில்லின் நகலை இணைத்துக் கொடுங்கள். பில்லைப் பெட்டியில் வைப்பதோடு கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். மோட்டாரின் பெயர்ப் பலகையில் உள்ள எண்ணையும் படமெடுங்கள்.

ஆடு, மாடு

கால்நடைத் துறையினர் மாட்டின் காதில் போடும் 12 இலக்க எண்ணுள்ள வில்லையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்த எண்ணையும், மாட்டின் நிறம், சுழி, கொம்பு அடையாளத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஆட்டுப் பட்டியை வயலில் விடாமல் வீட்டருகே அமைத்தால், நாய் குரைக்கும் சத்தமாவது காதில் விழும்.

செய்யக் கூடாதவை

வேலியில் மின்கம்பியை இணைக்கும் பழக்கம் அறவே கூடாது. திருடன் வருகிறானோ இல்லையோ, விடியற்காலையில் பூப்பறிக்க வரும் பெண்ணோ உங்கள் மகனோ அதைத் தொட நேரலாம். சாவு நேர்ந்தால் வழக்கு உங்கள் மீதே வரும். அறுந்து தொங்கும் மின்வாரியக் கம்பியையும் தொடாமல் பிரிவு அலுவலகத்திற்குத் தகவல் கொடுங்கள்.

திருடனைத் தனியாக விரட்டிச் செல்லவும் கூடாது. 2021 நவம்பர் 21 அன்று திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிச் சென்றவர்களை இரு சக்கர வாகனத்தில் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்ட எல்லையில் வெட்டிக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற காவலருக்கே அந்த நிலை என்றால், கையில் டார்ச் மட்டும் வைத்திருக்கும் நமக்கு என்ன ஆகும்? மோட்டார் போனால் மற்றொன்று வாங்கலாம். 112 என்ற எண்ணை அழைத்து, அக்கம்பக்கத்தாரைத் திரட்டிய பின்பே வயலுக்குப் போங்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனை அடிக்காமல் உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். இதற்குச் சட்டம் தரும் உச்ச அவகாசம் ஆறு மணி நேரமே.

திருட்டு நடந்துவிட்டால்

தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி முதல் செயல்பட்டு வருகிறது. உங்கள் ஊர் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையில் வருகிறது என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். சம்பவ இடம் எதுவானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கு அன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். ஆகவே அதை எடுத்து வைக்கும்படி புகாரிலேயே கேளுங்கள். தடயம் உள்ள இடத்தைப் போலீசார் பார்க்கும் வரை மிதிக்க வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பில் இல்லாத பழைய மோட்டாரை வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றமே. நாம் வாங்க மறுத்தால் திருடனுக்குச் சந்தையே இல்லை.

இந்த வாரமே செய்யுங்கள்

கொட்டகைக்குப் பூட்டுப் போடுதல், மோட்டாரில் எழுத்துப் பொறித்தல், பில்லையும் எண்ணையும் படமெடுத்தல், பக்கத்து வயல்காரர் நால்வரின் போன் எண்களைக் குறித்தல் ஆகிய நான்கு வேலைகளும் ஒரு நாளில் முடிந்துவிடும். சுற்றிலும் வீடுகள் எழுந்த பிறகும் ஏர் பிடிக்கும் சிலரில் நீங்களும் ஒருவர். அந்த நால்வரும் ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கொண்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.