போட்டியில்லாத ஊராட்சியில் கணக்குக் கேட்பது எப்படி?

ஊராட்சித் தேர்தலில் வேட்பு மனுவை வாபஸ் பெறும் நாள் முடிந்தபின் தலைவர் பதவிக்கு ஒருவரே எஞ்சினால், அவர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்படுகிறார். ஊர் மனமொத்து இப்படி முடிவு செய்வதில் குற்றமில்லை. பதவியை ஏலம் விட்டுத் தொகையைக் கோயில் திருப்பணிக்குச் சேர்ப்பது வேறு சங்கதி. தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் தேர்தலின்போது, இது சட்டவிரோதம் என மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. ஏலத்தில் போட்ட பணம் எந்த வழியில் திரும்பும் என்பதைச் சாகுபடிக் கணக்குப் பார்க்கும் விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை.

போட்டி இருந்தால் தோற்றவர் கணக்கைக் கிளறுவார். போட்டியற்ற ஊரில் அந்தக் காவல் இல்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவருடன் துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. இருவரும் ஒரே பேச்சில் வந்தவர்களாயின் இரண்டாவது கையொப்பத்துக்குப் பலமில்லை.

எஞ்சுவது கிராம சபை. இது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வரவேண்டும். வரவு செலவு வாசிக்கப்படும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடலாகாது. குடிநீர் மோட்டார் பழுது, தெருவிளக்கு, குழாய் ஆகிய இனங்களில் எந்தத் தேதி, எத்தனை, என்ன விலை எனக் கேட்க வேண்டும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலி, பம்புசெட் வைத்திருப்போர் அறிந்ததே. கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியபின் கையொப்பமிடுதல் நலம்.