பல்கலைக்கழகங்கள் கூடும் களம்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1857ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்கள் தோன்றின. பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்க 1925இல் ஒரு வாரியம் அமைந்தது. 1935இல் ரோஹிண்டன் பாரியா கோப்பைக்கான பல்கலைக்கழகக் கிரிக்கெட் போட்டி தொடங்கியது. அவ்வாரியம் 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எனப் பெயர் பெற்றது.

இச்சங்கம் உறுப்புப் பல்கலைக்கழகங்களைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என மண்டலங்களாகப் பிரித்துப் போட்டிகளை நடத்துகிறது. மண்டலங்களில் சிறந்த அணிகள் அகில இந்தியப் போட்டியில் மோதுகின்றன.

லேக் மார்க்கெட்டில் வாழும் தமிழ் மாணவி கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்காக ஆடினால், அவள் கிழக்கு மண்டல வீராங்கனை. எதிரணியில் சென்னையில் பயிலும் அவளுடைய அத்தை மகளே நிற்கலாம். அணியைத் தீர்மானிப்பது தாய்மொழியன்று. பயிலும் கல்வி நிலையமே. ஆட்டம் முடிந்ததும் இருவரும் தமிழில் உரையாடுவர்.

வினா: ஒரு மாணவியின் அணியைத் தீர்மானிப்பது எது?