வீரநாராயணபுரம்: ஆயிரத்தைத் தேடிய ஊர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கடலூர் மாவட்டத்திலுள்ள காட்டுமன்னார்கோயிலை நம் பூர்வர்கள் வீரநாராயணபுரம் என்றே போற்றுவர். முதலாம் பராந்தக சோழனுடைய (907–955) விருதுப்பெயர்களுள் ஒன்று வீரநாராயணன். அப்பெயர் ஊருக்கும் அதன் பேரேரிக்கும் அமைந்தது. வீரநாராயண ஏரியே நாளடைவில் வீராணம் என மருவியது. ஸ்ரீமந்நாதமுனிகளும் அவருடைய திருப்பேரனாரான ஆளவந்தாரும் திருவவதரித்த ஊர் இது.

இவ்வூர் மன்னனார் ஸந்நிதிக்கு வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர், திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தை அநுஸந்தித்தனர். அதன் நிகமனப் பாசுரம் நாதமுனிகளின் திருவுள்ளத்தைத் தைத்தது. இப்பத்து ஆயிரத்துள் அடங்கியது என்று அங்கே ஆழ்வாரே அருளியிருந்தார். எஞ்சியவை எங்கே என்று வினவினார். வந்தவர்கள் அறிந்ததோ அப்பதிகம் மட்டுமே.

இங்கே நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நிகமனப் பாசுரத்தைப் பலன் சொல்லும் பாசுரம் என்ற அளவிலே நாம் கொண்டுவிடுகிறோம். அதில் அருளிச்செய்தவர் பெயர், அவர் ஊர், மொத்தத் தொகை ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. வங்கிக் கணக்கேடுகளோடு வாழ்நாளைக் கழித்த அடியேனுக்கு, இம்மூன்றும் ஒரு பதிவின் இன்றியமையாத அங்கங்களாகவே தோன்றுகின்றன. தொகை இல்லையேல் குறைவு தெரிந்திராது. ஊர்ப்பெயர் இல்லையேல் தேடிச் செல்ல வழி இருந்திராது.

நாதமுனிகள் திருக்குருகூருக்கு எழுந்தருளினார். மதுரகவியாழ்வாரின் சிஷ்ய பரம்பரையில் வந்த பராங்குசதாஸர், கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு அநுஸந்திக்குமாறு உபதேசித்தார். அவ்வாறே செய்தபோது நம்மாழ்வார் ஸாக்ஷாத்கரித்து அருளினார் என்பது குருபரம்பரை. கேட்டது ஆயிரம், பெற்றது நாலாயிரம்.

பெற்ற நிதியை அவர் தம்மளவில் வைத்துக்கொள்ளவில்லை. வீரநாராயணபுரத்துக்கே மீண்டு, தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தார். கீழை அகம், மேலை அகம் என்ற அப்பெயர்களிலே இவ்வூரின் குடியிருப்பே இடம்பெற்றிருக்கிறது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலான தலங்களில் இன்றும் நடைபெறும் அரையர் ஸேவை அந்த வழியில் வந்ததே.

ஸம்ப்ரதாயத்தின் ஓட்டத்தை விளக்கவந்த பூர்வர்கள் ஒரு நீர்வழியைக் காட்டினர். எம்பெருமானாகிய கடலில் நீரை முகந்த மேகம் நம்மாழ்வார், அம்மேகம் பொழிந்த மலை நாதமுனிகள், உய்யக்கொண்டாரும் மணக்கால்நம்பியும் அருவிகள், ஆளவந்தார் ஆறு, எம்பெருமானார் ஏரி, எழுபத்துநான்கு ஸிம்ஹாஸநாதிபதிகள் மதகுகள். அந்த ஏரியாக வீராணத்தையே நம் பெரியோர் காட்டுவர்.

கொள்ளிடத்து நீர் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணத்தை அடைகிறது. வயல்களுக்குப் பாய்ந்த அந்நீர் 2004 முதல் சென்னைக்கும் செல்கிறது. இவ்வூரை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. நீர் அங்கே அவர்களைத் தேடிச் சென்றுவிட்டது. பாசுரமும் சென்றதா? ஏரி நிறைந்திருந்தும் மதகு தூர்ந்துபோனால் கடைமடை காயும். அந்த மதகின் இடத்தில் இன்று நாம் ஒவ்வொருவரும் நிற்கிறோம்.

ஆனி அனுஷத்தில் நாதமுனிகளையும், ஆடி உத்திராடத்தில் ஆளவந்தாரையும் கொண்டாடுகிறோம். அந்நாள்களில் ஒரு பதிகத்தையேனும் நிகமனத்தின் பொருளோடு ஒரு பிள்ளைக்குக் கற்பிப்போமாக. வழிப்போக்கர் வாயிலிருந்த ஒரு பத்தே நமக்கு நாலாயிரத்தையும் மீட்டுத் தந்தது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.