தேக்கிலையைத் தின்பது யார்?

கேள்வி: எங்கள் தோட்ட வரப்பில் ஆறு வயதுத் தேக்கு மரங்கள் நிற்கின்றன. கோடை மழைக்குப் பின் நன்றாகத் துளிர்த்தன. ஒரே வாரத்தில் இலையெல்லாம் போய் நரம்புதான் மிச்சம். மரம் பட்டுவிடுமா? மருந்து அடிக்கலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: மரம் பட்டுப்போகாது. சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். அந்தக் கவலையை விடுங்கள்.

உங்கள் மரத்துக்கு வந்தது ஹிப்ளேயா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. பூச்சி உட்கார்ந்திருக்கும்போது வெறும் சருகு நிறம்தான். சீண்டினால் முன் இறக்கை விலகி, கீழே கறுப்பில் ஆரஞ்சுப் பட்டைகள் தெரியும். முதல் மழைக்குத் தேக்கு துளிர்க்கும் நேரம் பார்த்துக் கூட்டமாக வந்து, கொழுந்தின் அடிப்பக்கம் நரம்பை ஒட்டி ஒவ்வொன்றாக முட்டையிடும். சற்று வளர்ந்த புழு இலையோரத்தைக் கத்தரித்து, மடித்து, நூலால் தைத்து உள்ளே ஒளிந்துகொள்ளும். ஒரு மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், வேலைப்பாடு தெரியும். இரண்டு வாரத்துக்குள் தின்று முடித்து, நூலில் தொங்கி இறங்கி, தரையில் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிவிடும். ஜாவாவில் தேக்குக்காட்டு மக்கள் இந்தக் கூட்டுப்புழுவைப் பொறுக்கி வறுத்துச் சாப்பிடுகிறார்கள்.

தேக்கு மட்டுமல்ல, நொச்சி, முன்னை, கழிமுகத்து வெண்கண்டல் எல்லாம் இதற்கு இரைதான். ஆகவே தேக்கை வெட்டினாலும் பூச்சி ஒழியாது.

நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அளந்து பார்த்தபோது, இந்தப் புழுவால் மரம் போடவேண்டிய பருமனில் 44 சதவீதம் வரை குறைந்திருந்தது. செத்துப்போவதில்லை, வளர்த்தி நின்றுபோகிறது.

இருந்தும் வரப்பு மரத்துக்கு மருந்து வேண்டாம் என்பதே என் முடிவு. இலை போனது கண்ணில் படுவதற்குள் புழு இறங்கிவிட்டிருக்கும். மருந்து, புழுவைத் தின்னும் குளவியையும் சிலந்தியையும்தான் கொல்லும். இந்தப் புழுவைத் தாக்கும் வைரஸ் ஒன்று இயற்கையிலேயே உண்டு. இலையில் தலைகீழாகத் தொங்கி, கறுத்து, நீராக வழியும் புழுக்களைக் கண்டால் அதன் வேலைதான். அவற்றை அப்படியே விடுங்கள். அந்த நீர் பட்ட இலையைத் தின்னும் புழுவும் சாகும்.

மழைக்காலம் முடிந்தபின் முற்றிய இலை சல்லடையாகக் காய்ந்தால் அது வேறொரு அந்துப்பூச்சி. அதற்குள் மரம் வளர்ந்து முடித்திருக்கும். அதற்கும் மருந்து தேவையில்லை.