ஒரே இறால், ஒரே நோய்

புத்தளம், முந்தல் பக்கம் பஸ்ஸில் போனவர்கள், களப்போரம் பாழாய்க் கிடக்கும் சதுரக் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். நாங்களும் பார்த்தோம். அவை இறால் வளர்த்த குளங்கள். 1980களிலிருந்து பல இடங்களில் கண்டல் மரங்களை அழித்துத்தான் அவற்றை வெட்டினார்கள். வளர்த்தது கறுப்புப் புலி இறால் ஒன்றே. ஏற்றுமதியில் நல்ல காசு வந்தது.

1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. அது ஒரு வைரஸ். குளத்தில் தொற்றினால் பத்து நாளைக்குள் அத்தனை இறாலும் செத்துப்போகும். ஒரு குளத்துக் கழிவுநீர் டச்சுக் கால்வாயில் விழும். அடுத்தவர் அதே கால்வாயில் தண்ணீர் எடுப்பார். பிறகென்ன, பரவிவிட்டது. 1998இலும் அடித்தது. கடன்பட்டவர்கள் குளத்தைக் கைவிட்டார்கள். கூலிக்கு நின்றவர்களுக்கும் வேலை போச்சு.

பக்கத்துக் களப்பைப் பாருங்கள். அந்த வைரஸ் இறால், நண்டு வகைகளைத்தான் பிடிக்கும், மீனை ஒன்றும் செய்யாது. பல நண்டுகள்கூட நோயைச் சுமந்துகொண்டே உயிரோடு திரியும். பலவகை உயிர்கள் இருப்பதால், ஒன்று குறைந்தாலும் மீனவர் வலையில் வேறொன்று விழும். குளத்தில் அப்படியில்லை.

நமக்கு இது புதுக்கதையா? நம் பூட்டன்மார் கடல் கடந்து வந்தது கோப்பிக்கு. மலையெங்கும் கோப்பி ஒன்றே நின்றது. 1869இல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருஷத்தில் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. இன்று அங்கே தேயிலை, அதுவும் ஒரே பயிர்தான். நிழல்மரத்தில் தங்கும் குருவியும் சிலந்தியும் தேயிலையைத் தின்னும் பூச்சிகளைப் பிடிக்கின்றன. விறகுக்கு அந்த மரங்களை வெட்டாதீர்கள் என்றால் எங்களைக் கோபிக்கிறீர்களே, காரணம் இதுதான்.