பழைய கல்வி விளையாட்டை மீளுருவாக்குவோர் கவனத்துக்கு

இலங்கையில் கணினி விளையாட்டுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமை அளிக்கிறது. பதிவு செய்யாவிட்டாலும், விற்பனை நின்றுபோனாலும் அந்த உரிமை நீடிக்கும். கந்தளாய் ஆசிரியரோ மாணவரோ பழைய விளையாட்டொன்றைப் புதிதாக ஆக்கும்போது கவனிக்க வேண்டியவை:

● எண்ணத்துக்கும் செய்முறைக்கும் பதிப்புரிமை இல்லை (8ஆம் பிரிவு). படம், இசை, வசனம், நிரல் ஆகியவற்றுக்கு உண்டு. சரியான விடைக்கு மதகு திறக்கும் விளையாட்டு என்றால், மூலப் படத்தை விட்டு, கந்தளாய்க் குளத்தையே புதிதாக வரையலாம்.

● கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டை 11ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைப் பாதிப்பு ஆகிய நான்கும் பார்க்கப்படும். வகுப்பறைக்குள் காட்டுவது வேறு. எவரும் பதிவிறக்கும்படி இணையத்தில் இடுவது வேறு. இலவசம் என்பது மட்டும் காப்பாகாது.

● மூல விளையாட்டின் பெயரையும் சின்னத்தையும் தவிர்ப்பது நல்லது. வர்த்தகக் குறி தனி உரிமை.

● அமெரிக்கத் தளத்தில் இட்ட கோப்புக்கு எதிராக, அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளர் தளத்துக்கு அகற்றல் அறிவித்தல் அனுப்பலாம். தளம் அக்கோப்பை முடக்கி, இட்டவருக்கு அறிவிக்கும். எந்தக் கோப்பு குறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்த்து, குற்றச்சாட்டு சரியென்றால் அதை நீக்க வேண்டும்.

● குற்றச்சாட்டு தவறென்றால் தளத்துக்கு எதிர் அறிவித்தல் அனுப்பலாம். உரிமையாளர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் கோப்பு மீளும். ஆனால் பொய் கூறினால் தண்டனை உண்டு. அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்தையும் ஏற்க நேரும். ஆகவே சட்டத்தரணியைக் கேட்ட பின்பே அனுப்புக.

● எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி, வேலையைத் தொடங்கும் முன்பே உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுவதே.